மே/பா சாகிரா இ-சேவை மையம்

பெரம்பலூர்
8.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அனுசுயா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அங்கே ஆஸ்பத்திரியில் தைலம் ஏதாவது கொடுத்தார்களா?

எனக்கு வேலை கிடைத்ததை அம்மா போனில் சொல்லியிருப்பாள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இ-சேவை மையம். லப்பைக்குடிகாட்டைச் சேர்ந்த சாகிரா அக்கா நடத்துகிறார். அவர் கணவர் துபாயில் இருக்கிறார். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் திருத்தம், பட்டா என்று காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பி.காம். முடித்துவிட்டு இந்த வேலையா என்று முத்துசாமி மாமா கேட்டார். எனக்குப் பிடித்திருக்கிறது. நான் அதிகம் பேச வேண்டியதில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல அடித்தால் போதும்.

நாள் முழுக்க த/பெ, க/பெ என்றுதான் அடிக்கிறேன். தந்தை பெயர், கணவர் பெயர். நேற்று ஒரு அம்மாள் கணவர் பெயரை வாயால் சொல்லவே மாட்டேன் என்றார். "சாமி பேருதாம்மா. மயிலு மேல வருவாருல்ல?" முருகேசனா, வேலாயுதமா, சுப்பிரமணியனா என்று நானும் கேட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தால் செந்தில்குமார். கடை முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மாளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

உங்கள் போன் வெள்ளிக்கிழமை பகலில் அம்மா நம்பருக்கு வருகிறது. அந்த நேரத்தில் நான் கடையில் இருப்பேன். அதனால் இனிமேல் எழுதலாம் என்று நினைத்தேன். பதிலை வீட்டு விலாசத்துக்குப் போட வேண்டாம் அப்பா. தபால்காரர் எல்லாவற்றையும் வீட்டுக்கார அம்மா கிருஷ்ணம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். செ. அனுசுயா, மே/பா சாகிரா இ-சேவை மையம் என்று எழுதினால் என் கைக்கே வரும்.

கீழப்பழுவூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பெயர் அரவிந்தன். அரியலூர் பக்கம் சிமெண்ட் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை. மாமாதான் பேசிக்கொண்டிருக்கிறார். மற்றவை பிறகு.

குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதீர்கள்.

உங்கள் மகள்
செ. அனுசுயா


மத்திய சிறை
22.9.2024

அன்பு மகள் அனுசுயாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். முழங்கால் இருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க விடுவதில்லை, எழுந்தால் உட்கார விடுவதில்லை. மற்றபடி சொன்ன பேச்சைக் கேட்கிறது.

உன் கடிதத்தை இங்கே ஒரு ஐயா பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். அது வழக்கம், நீ ஒன்றும் நினைக்காதே. "யோவ் செல்லமுத்து, ஒம் பொண்ணு கையெழுத்து அச்சு மாதிரி இருக்குய்யா. ஒன்னுது மட்டும் ஏன்யா கோழி கிண்டுன குப்பை மாதிரி இருக்கு?" என்றார். செந்தில்குமார் கதையைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அவரே சத்தமாகப் படித்துக் காட்டினார். பிளாக்கே சிரித்தது.

வரன் வந்த செய்தியை மூன்று தடவை படித்தேன். என் விஷயம் தெரிந்தும் ஒரு குடும்பம் பெண் கேட்டு வந்திருக்கிறது என்றால் அவர்கள் மனிதர்கள் பாப்பா. பையனுக்குச் சொத்து சுகம் இருக்கிறதா என்றெல்லாம் மாமன் பார்க்கட்டும். எனக்கு இது ஒன்றே போதும்.

மகள் கல்யாணத்துக்கு விடுப்பு கேட்கலாம் என்று இங்கே நல அலுவலர் சொன்னார். மனுவோடு கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டுமாம். பத்திரிகை அடித்தால் முதல் பத்திரிகை குலசாமிக்கு, இரண்டாவது எனக்கு. மறந்துவிடாதே.

அம்மா போன சனிக்கிழமை வந்திருந்தாள். நெற்றிக் குங்குமம் இமையில் உதிர்ந்திருந்தது. "என்னா, பஸ்ஸுலதான் பொட்டு வச்சியா?" என்று கேட்டேன். சிரிக்க வேண்டுமென்றுதான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. உடம்புக்கு முடியவில்லையா? நீ கவனித்துக்கொள்.

அன்புடன்
அப்பா


பெரம்பலூர்
6.10.2024
(எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டது)

அப்பா,

உங்கள் கடிதம் வந்தது. அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மா பஸ்ஸில்தான் பொட்டு வைக்கிறாள்.

பதினோரு வருஷமாக அப்படித்தான். நாம் இருந்த முந்திரிக் காட்டை விட்டு, உடையார்பாளையத்துப் பக்கமே தலைகாட்ட வேண்டாம் என்று மாமா எங்களைப் பெரம்பலூருக்குக் கூட்டி வந்தார் அல்லவா? யாரும் வீடு கொடுக்கவில்லை. புருஷன் எங்கே என்று கேட்டார்கள். நான்காவது வீட்டில் மாமா, "தவறிட்டாருங்க" என்று சொல்லிவிட்டார். அதுதான் கிருஷ்ணம்மாள் வீடு. அன்று மாலையே அம்மா பொட்டை எடுத்துவிட்டாள். தாலிக் கயிறு ரவிக்கைக்குள் இருக்கிறது. கழுத்தோடு ஒட்டிக் கறுத்துப் போயிருக்கிறது. உங்களைப் பார்க்க வரும்போது பஸ் சிறுவாச்சூரைத் தாண்டியதும் கைக்கண்ணாடி பார்த்துக் குங்குமம் வைப்பாள். கயிற்றை எடுத்து வெளியே விடுவாள். திரும்பி வரும்போது அதே சிறுவாச்சூரில் துடைத்துக்கொள்வாள். பத்து வயதிலிருந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள்கூட நாங்கள் இதைப் பற்றிப் பேசியதில்லை.

கீழப்பழுவூர்க்காரர்களுக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறது. அவர்களுக்கு எதுவும் தெரியாது அப்பா.

நேற்று மாமா கடைக்கு வந்து பத்திரிகை வாசகம் அடிக்கச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டில் காட்ட வேண்டுமாம். நான் 'திரு. செல்லமுத்து' என்று அடித்தேன். மாமா திரையைப் பார்த்துவிட்டுக் குனிந்து மெதுவாக, "திரு எடுத்துட்டு லேட்டு போடும்மா" என்றார். நான் கையை எடுத்துவிட்டேன். "அனுசு, ஒன் வாழ்க்கைம்மா. ஒரு வார்த்தைதான்" என்றார். அவர் கெட்டவர் இல்லை அப்பா. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

நான்தான் அடித்தேன். தினமும் பத்துப் பேருக்காவது அடிக்கிற வார்த்தை. வாரிசுச் சான்றுக்கு வருகிறவர்கள் அழுதுகொண்டே சொல்வார்கள், நான் தலை நிமிராமல் அடிப்பேன். நேற்றும் தலை நிமிரவில்லை.

இந்தப் பத்திரிகையை உங்களுக்கு எப்படி அனுப்புவது?


பெரம்பலூர்
6.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவும் நலம், உடம்புக்கு ஒன்றும் இல்லை. வெயிலில் வந்ததால் களைப்பு. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

புரட்டாசி முடிந்து ஐப்பசியில் நிச்சயம் செய்யலாம் என்கிறார்கள். கல்யாணம் தையில் இருக்கும். பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை.

கடையில் வேலை அதிகம். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள்.

உங்கள் மகள்
செ. அனுசுயா


மத்திய சிறை
3.11.2024

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

தீபாவளிக்கு இங்கே ஒரு அதிரசம் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பல் வேண்டும் என்று ஓரமாகக் கடித்துச் சாப்பிட்டேன்.

நிச்சயம் நல்லபடி முடிந்ததென்று அம்மா போனில் சொன்னாள். உனக்குக் கிளிப்பச்சைப் பட்டு எடுத்தார்களாமே. பையன் குனிந்த தலை நிமிரவில்லையாம். உனக்கு ஏற்ற ஜோடிதான். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மூன்றாவதாக ஒரு ஆள் வைக்க வேண்டியிருக்கும்.

விடுப்பு மனு எழுதிவிட்டேன். எழுதிக் கொடுத்தவர் வெளியே கிராம உதவியாளராக இருந்தவர். கமா, புள்ளி எல்லாம் போட்டு எழுதினார். பத்திரிகை கையில் வந்ததும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதுதான். அதன்பிறகு நன்னடத்தை அலுவலர் நம் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். ஸ்டேஷனிலிருந்தும் வருவார்கள். மாப்பிள்ளை வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்பார்களாம். பயப்பட வேண்டாம், சும்மா கேள்விதான். வீட்டுக்கார அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வை. திடீரென்று போலீஸைப் பார்த்தால் பதறிவிடுவார்.

விடுப்பு கிடைத்தாலும் காவலோடுதான் அனுப்புவார்கள். இரண்டு பேர் கூட வருவார்கள். பந்தியில் அவர்களுக்கும் இலை போடச் சொல். நான் மேடைக்கெல்லாம் வரமாட்டேன். தாலி கட்டும்போது ஒரு ஓரமாக நின்று அட்சதை போட்டுவிட்டு வந்துவிடுவேன். மாமனும் அத்தையும் தாரை வார்க்கட்டும். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். சம்பந்திக்கு நான் ஒரு கடிதம் எழுத ஆசைப்படுகிறேன். 'என் பெண்ணை ஏற்றுக்கொண்டீர்கள், கும்பிடுகிறேன்' என்று இரண்டு வரி. அவர் பெயரும் விலாசமும் எழுதி அனுப்பு.

அப்பா


மத்திய சிறை
8.12.2024

அன்பு மகளுக்கு,

நான் சுகம். நீ சுகம்தானா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. கடிதங்கள் படிக்கிற ஐயாவே, "என்னய்யா, அச்சு ஆபீஸு லீவா?" என்று கேட்டார். கல்யாண வேலை என்று சொன்னேன்.

அம்மா நேற்று வந்தாள். மூச்சு வாங்க வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பெரம்பலூருக்குப் புடவை எடுக்க வந்துவிட்டார்களாம், அவர்களை அனுப்பிவிட்டு ஓடிவந்தாளாம். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்திலும் ஒன்றும் தெரியவில்லை. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பி இந்தப் பக்கம் பார்த்தபோது பொட்டு இருந்தது, கோணலாக. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

பத்திரிகை அடித்தாயிற்றா?

அப்பா


பெரம்பலூர்
15.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். எனக்குக் காய்ச்சல் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது. அம்மா நலம். பனி அதிகமாக இருக்கிறது. நீங்கள் காதைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இத்துடன் பத்திரிகை அனுப்பியிருக்கிறேன். தை 20, பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. மூலைகளில் மஞ்சள் தடவியிருக்கிறது.

ஒரு விவரம் கேட்க வேண்டும். விசாரணைக்கு வருபவர்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டுமா? நான் வேலை செய்யும் கடைக்கு வரச் சொல்ல முடியுமா? சாகிரா அக்கா சம்மதித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சிரமப்படுத்தாமல் செய்ய வழி இருக்கிறதா என்று அங்கே கேட்டுச் சொல்லுங்கள்.

சம்பந்தி விலாசம் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உங்கள் மகள்
செ. அனுசுயா


மத்திய சிறை
29.12.2024

அன்பு மகள் அனுசுயாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம். காய்ச்சல் விட்டதா? கஷாயம் வைத்துக் குடி.

பத்திரிகை கிடைத்தது. 'திரு. செல்லமுத்து – திருமதி ரெங்கம்மாள் தம்பதியரின் மகள்' என்று போட்டிருக்கிறது. என் பெயரை அச்சில் நான் இதற்கு முன் பார்த்தது தீர்ப்பு நகலில். அதில் ஒருமையில்தான் எழுதியிருந்தார்கள். பத்திரிகையைப் பல தடவை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பக்கத்து அறைக்காரர்கள் கை பட்டு அழுக்காகப் போகிறது என்று இப்போது துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

உன் மாமன் பெயர் அதில் எங்கேயுமே இல்லை.

முத்துசாமியை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். கோயில் திருவிழா நோட்டீஸில் பெயர் சின்னதாகப் போட்டுவிட்டார்கள் என்று பந்தலை விட்டு எழுந்து போனவன். தங்கச்சி மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரைப் போடாமல் விடுவானா? காகிதத்தையும் தடவிப் பார்த்தேன். அச்சகத்து எழுத்து விரலுக்குத் தட்டும். இது தட்டவில்லை. இது கடையில், உன் மெஷினில், ஒன்றே ஒன்று எடுத்தது. அதுவும் எனக்காக எடுத்தது.

வேறு பத்திரிகை ஒன்று இருக்கிறது. அதில் என்ன போட்டிருக்கும் என்று அன்றைக்கு அம்மாவின் நெற்றியைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போது மனசு வேறு பக்கம் போய்விட்டது. விசாரணையைக் கடைக்கு வரச் சொல்ல முடியுமா என்று நீ கேட்டதும் விளங்கிவிட்டது.

மனுவைக் கொடுக்கவில்லை. நல அலுவலர் ஏன் என்று கேட்டார். முழங்கால் வலி, பயணம் ஆகாது என்று சொன்னேன்.

நீ அழக் கூடாது. அன்றைக்கு வரப்பில் மண்வெட்டியை ஓங்கியவன் நான். செத்தவனுக்கும் இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் த/பெ என்று வருகிற இடத்திலெல்லாம் அவர்கள் லேட் போட்டுத்தான் எழுதியிருப்பார்கள். அதை அவர்களுக்குக் கொடுத்தவன் நான். என் பிள்ளையும் அதையே எழுதும்படி ஆனதற்கு நான் யாரிடம் போய் நியாயம் கேட்பேன்?

சம்பந்தி விலாசம் வேண்டாம்.

அப்பா


பெரம்பலூர்
12.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நலமா அப்பா?

நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை. அக்டோபரில் உங்களுக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இத்துடன் வைக்கிறேன். அங்கே படிக்கிற ஐயாவும் படிப்பார். பரவாயில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் நான் மறைத்தால் நாளைக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்து நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அரவிந்தனின் அம்மா பாப்பாத்தி அத்தை போன வாரம் வந்திருந்தார். நல்ல மாதிரி. என் தலையைத் தடவி, "அப்பன் இல்லாத புள்ள, இனிமே எல்லாம் நாங்கதான்" என்றார். போகும்போது அம்மாவிடம், "அப்பாரக் கும்புடாம பொண்ணு மணையில ஒக்காரலாமா? தை அமாவாசைக்கு ஒரு வேட்டி துண்டு வச்சுப் படைச்சுருங்க. நாங்களும் வந்து கும்புட்டுக்கறோம். படம் இருக்குல்ல?" என்று கேட்டார். பின்னாலிருந்து கிருஷ்ணம்மாள், "அதான, இந்த வூட்டுல ஒரு படம் மாட்டி நான் பாத்ததே இல்லையே" என்றார். மாமாதான், "இருக்கு, பெருசு பண்ணக் குடுத்துருக்கோம்" என்று சமாளித்தார்.

தை அமாவாசை 29ஆம் தேதி, புதன்கிழமை. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு.

நம்மிடம் இருப்பது ஒரே படம். நான் மூன்றாவது படிக்கும்போது அரியலூர் ஸ்டுடியோவில் மூன்று பேரும் எடுத்தது. அதைக் கடையில் ஸ்கேன் செய்து, அம்மாவையும் என்னையும் வெட்டி எடுத்தேன். உங்கள் தோளில் என் விரல்கள் நான்கு மட்டும் நின்றுவிட்டன. எவ்வளவு முயன்றும் சட்டையைக் கெடுக்காமல் அவற்றை அழிக்க முடியவில்லை. சாகிரா அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. ஆனால் உங்கள் கடிதங்களின் மேல் இருக்கிற முத்திரையை முதல் நாளே பார்த்தவர் அவர். "மாலை நீ போடாத அனுசுயா. எந்திரி. நான் போட்டுக்கறேன். நீ போயி ரெண்டு டீ சொல்லிட்டு வா" என்றார். டீ சொல்லிவிட்டு வந்து பார்த்தால் படத்தில் மாலை விழுந்திருந்தது. விரல்கள் இருந்த இடம் சரியாக மறைந்துவிட்டது.

அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "உசுரோட இருக்கிற மனுசனுக்கு எப்படிடீ எலை போடுவேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

என்ன செய்யட்டும் அப்பா? நீங்கள் வேண்டாம் என்று எழுதினால் செய்யமாட்டேன்.

உங்கள் மகள்
செ. அனுசுயா


மத்திய சிறை
20.1.2025

அன்பு மகளுக்கு,

சுகம். பொங்கலுக்கு இங்கே கரும்பு கொடுத்தார்கள். பல் விழவில்லை.

படையல் போடுங்கள். யாரையும் எதிர்த்துப் பேச வேண்டாம். உயிரோடு இருக்கிறவனிடம் என்ன வேண்டும் என்று கேட்டுப் படைக்கிற படையல் நம் ஜில்லாவிலேயே இதுதான் முதலாவதாக இருக்கும். கேட்டதால் சொல்கிறேன். எனக்குப் பாயசம் ஆகாது, அம்மாவுக்குத் தெரியும். கருவாடு அமாவாசைக்கு ஆகாது. ஆகவே கத்தரிக்காயும் வாழைக்காயும் போதும், முந்திரிப் பருப்பு கொஞ்சம் வறுத்து வைக்கச் சொல். வேட்டி நாலு முழம் எடுங்கள். படைத்த பிறகு அதை முத்துசாமிக்குக் கொடுத்துவிடாதீர்கள். வெளியே வந்தால் கட்டிக்கொள்வேன்.

காக்கைக்குச் சோறு வைக்கும்போது மட்டும் அம்மாவை அடுப்படிக்கு அனுப்பிவிடு. நான் இங்கே இருக்கும்போது அங்கே காக்கை எப்படி எடுக்கும்? எடுக்காது. ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அம்மா நிற்க வேண்டாம்.

அனுப்பாத கடிதத்தைப் படித்தேன். ஐயா அதைக் கொடுக்கும்போது, சிறுவாச்சூர் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டார்.

போய் நன்றாக இரு பாப்பா. அங்கே நீ கூச்சப்பட்டுக்கொண்டு பசியோடு இருக்காதே, கேட்டு வாங்கிச் சாப்பிடு.

அப்பா


பெரம்பலூர்
10.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் ஆசீர்வாதத்தால் கல்யாணம் நல்லபடி முடிந்தது. நான் நலம். மறுவீட்டுக்கு வந்த இடத்தில், கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சாகிரா அக்கா வெளியே நின்று ஆட்களை, "சர்வர் வேலை செய்யல, அரைமணி கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

படையலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னபடியே சமைத்தாள் அம்மா. பாயசம் வைக்கவில்லை. பாப்பாத்தி அத்தை கேட்டதற்கு, "அவருக்குப் புடிக்காது" என்றாள். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "புடிக்காதுங்க, அப்பல்லாம்" என்றாள்.

காக்கைக்கு வைக்கும்போது அம்மாவை உள்ளே போகச் சொன்னேன். பாப்பாத்தி அத்தை விடவில்லை. "நீங்கதான வைக்கணும்" என்று இலையைக் கையில் கொடுத்துவிட்டார். மாடியில் எல்லோரும் நின்றோம். அம்மா கைப்பிடிச் சுவரில் சோற்றை வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை, அதற்குள் ஒரு காக்கை வந்துவிட்டது. கரையவில்லை, தயங்கவில்லை. நேராக வந்து முந்திரிப் பருப்பை எடுத்துக்கொண்டு பறந்தது. "பாத்தீங்களா, மனசு குளுந்துட்டாரு!" என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். அரவிந்தன்கூடச் சிரித்தார்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தார்கள். வெயில் என்றார்கள். எல்லோரும் கீழே இறங்கிய பிறகு என் கையைப் பிடித்து, "எடுத்துருச்சுடீ" என்றாள்.

அன்று புதன்கிழமை. உங்கள் போன் வெள்ளிக்கிழமைதான். நாங்கள் அங்கே கூப்பிட வழி இல்லை. இரண்டு நாளும் கல்யாண வீட்டு வேலைக்கு நடுவே அம்மா போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. குளிக்கும்போது என்னிடம் கொடுத்துவிட்டுக் குளித்தாள். வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு மணி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். நானும் என் காதைச் சேர்த்து வைத்தேன். "ரெங்கு, சாப்ட்டியா?" என்றீர்கள். அம்மாவுக்குக் குரல் வரவில்லை. "ரெங்கு? இருக்கியா?" என்று நீங்கள் கேட்டீர்கள். அப்பா, நீங்கள் அவளைப் பார்த்து இருக்கியா என்று கேட்டீர்கள். அவள் ரவிக்கைக்குள் கையை விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இருக்கேன், இருக்கேன்" என்றாள். அன்றைக்கு ஏன் அவள் பேசவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இதுதான் காரணம்.

கல்யாணத்தில் அம்மா பந்தி நடக்கும் இடத்தில்தான் நின்றாள். நான் கும்பிடத் தேடியபோது ஆளைக் காணவில்லை.

வேட்டி பத்திரமாக அம்மாவின் பெட்டியில் இருக்கிறது.

உங்கள் படத்தை அரவிந்தன் கேட்டு வாங்கி வந்து கீழப்பழுவூர் வீட்டில் மாட்டிவிட்டார். அவர் தாத்தா படத்துக்குப் பக்கத்தில். ஒரு சின்னச் சிவப்பு பல்பும் போட்டிருக்கிறார். எனக்கு மனது நிறையட்டும் என்றுதான் செய்தார். தினமும் விளக்கேற்றும்போது அந்த மாலையைப் பார்க்கிறேன். அதற்குக் கீழே என் விரல்கள் இருக்கின்றன.

இன்று கடையில் எனக்கு நானே ஆதார் திருத்தம் போட்டேன். க/பெ அரவிந்தன். வேலைக்கு இனி போக வேண்டாம் என்று கீழப்பழுவூர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் தினம் போய்வருவது சிரமமாம். அதனால் கடை விலாசத்துக்கும் இனி எழுத வேண்டாம் அப்பா. வீட்டுக்கும் எழுத முடியாது. எழுதச் சொல்ல என்னிடம் வேறு விலாசம் இல்லை.

அம்மாவும் நானும் ஒன்று பேசி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை உங்கள் போன் வந்து, பேசி முடித்ததும் அம்மா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரு தடவை அடித்து நின்றுவிடும். நான் எடுக்கமாட்டேன். யாராவது கேட்டால் ராங் நம்பர் என்பேன். எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மறக்காமல் போன் செய்யுங்கள்.

உங்கள் மகள்
செ. அனுசுயா